கேட்டுக்கு உள்ளேயும் அரசு உண்டு

எங்கள் குடியிருப்பின் சாலைகள் எங்களுடையவை அல்ல. பூங்காவும் அல்ல. எங்கள் குடியிருப்போர் சங்கப் பொதுக்குழுவில் இதை முதன்முதலாகச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த ஒருவர், “அப்போ நான் எதுக்கு சார் மாசாமாசம் மெயின்டனன்ஸ் கட்டுறேன்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

இடம் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு கிராம ஊராட்சி. ஏரியை ஒட்டிய லேஅவுட். தனித்தனி மனைகளாக விற்றார்கள். இப்போது பெரும்பாலான மனைகளில் வீடு வந்துவிட்டது. சுற்றுச்சுவர், முன்பக்கம் பெரிய கேட், பின்பக்கம் சின்ன கேட், செக்யூரிட்டி அறை, மேல்நிலைத் தொட்டி, ஒரு பூங்கா. விளம்பரத் தாளில் ‘கேட்டட் கம்யூனிட்டி’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் அந்தச் சொல்லே கிடையாது. சங்கத்தில் சில காலம் செயலாளராக இருந்தேன். இப்போது பொறுப்பில் இல்லை. ஆனாலும் அரசு முத்திரையோடு எந்தக் கடிதம் வந்தாலும் புதிய குழு அதை போட்டோ எடுத்து எனக்குத்தான் அனுப்புகிறது.

தமிழ்நாட்டில் லேஅவுட் அங்கீகாரம் வாங்கும்போது, உள்ளே போடும் சாலைகளை புரமோட்டர், அதாவது மனை போட்டு விற்பவர், உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். சாலை நீங்கலாக நிலம் 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் அதில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, அதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓஎஸ்ஆர் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலத்துக்குப் பதில் அரசின் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டிவிடலாம். 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளிலும் அடிப்படை இதுதான். ஆக, சுவருக்குள் எங்கள் பெயரில் இருப்பது அவரவர் மனை மட்டும். மனையை விட்டு வெளியே கால் வைத்தால் ஊராட்சியின் சொத்தில் நிற்கிறோம்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நிலைமை வேறு. அங்கே நிலத்தில் எல்லோருக்கும் பிரிக்கப்படாத பங்கு உண்டு. மாடிப்படி, லிஃப்ட், மொட்டை மாடி எல்லாம் உரிமையாளர்களின் பொதுச் சொத்து. அதற்கென்று 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. அதை நீக்கிவிட்டு 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்தது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்பதெல்லாம் அதில்தான் வருகிறது. வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘உங்கள் சங்கத்தின் உரிமைகள்’ செய்திகளில் பாதி இந்தச் சட்டத்தை வைத்து எழுதியவை. தனி மனை லேஅவுட்டில் இருப்பவர்கள் அவற்றை நம்பிச் சண்டைக்குப் போகக் கூடாது. எங்கள் ஆட்கள் போனார்கள்.

உங்கள் இடம் எந்த வகை என்பதைக் காகிதத்தில் பார்த்துவிடுவது முதல் வேலை. பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் காசில்லாமல் பார்க்கலாம். தாய்ப் பத்திரத்தில் இருக்கும் சர்வே எண்களைப் போட்டு, லேஅவுட் போட்ட ஆண்டை ஒட்டித் தேடினால் புரமோட்டர் எழுதிக் கொடுத்த தானப் பத்திரம் அதில் நிற்கும். பத்திர எண்ணைக் குறித்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிவிட வேண்டும். வருவாய்த் துறையின் இ-சேவைப் பக்கத்தில் புலப்படமும் (நில அளவை வரைபடம்) அ-பதிவேடும் (சர்வே எண் வாரியான நிலப் பதிவேடு) கிடைக்கும். அவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லேஅவுட் வருவதற்கு முன் அந்த நிலத்தில் வண்டிப்பாதையோ வாய்க்காலோ இருந்ததா என்பது புலப்படத்தில்தான் தெரியும். எங்கள் சங்கம் தொடங்கிப் பல வருடங்கள் வரை இந்தக் காகிதங்களில் ஒன்றுகூட சங்க அலமாரியில் இல்லை. இருந்தது புரமோட்டர் கொடுத்த வண்ண விளம்பரத் தாள்.

காகிதம் தேவைப்பட்ட நேரம் பின்பக்க கேட் விவகாரத்தில் வந்தது.

அக்கம்பக்கத்தில் தொடர்ச்சியாகச் சில திருட்டுகள். பயம் பரவியதும் அப்போதிருந்த குழு பின்பக்க கேட்டுக்குப் பூட்டுப் போட்டது. அந்த கேட்டைத் தாண்டினால் ஏரிக்கரை. கிராமத்து மக்கள் மாடு ஓட்டிக்கொண்டு அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். பூட்டின மறுநாளே ஒரு பெரியவர் செக்யூரிட்டி அறை வாசலில் நின்று, “ஏம்பா, எங்க தாத்தா காலத்துலேருந்து மாடு போற வழி. நீங்க சுவத்த எழுப்பிட்டா மாட்டுக்கு வழி மறந்துடுமா?” என்று கேட்டிருக்கிறார். செக்யூரிட்டி என்ன சொல்வார், பாவம். அவருக்குச் சம்பளம் கொடுப்பது நாங்கள். அவர் வீடு இருப்பது அந்தப் பெரியவரின் தெருவில்.

திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு போனது. அங்கிருந்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கு வந்தது. அவரிடமிருந்து எங்களுக்கு நோட்டீஸ்.

பொதுக்குழு மூன்றாகப் பிரிந்தது. பூட்டு இருக்கட்டும், வழக்கு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் ஒரு பக்கம். கேட்டையே எடுத்துவிடலாம் என்று சொன்னவர்கள் சொற்பம். ‘யாரையாவது பார்த்துப் பேசி முடித்துவிடலாம்’ என்ற கட்சிதான் பெரியது. நம் ஊரில் எந்தச் சிக்கலுக்கும் இந்தக் கட்சி ஒன்று இருக்கும். முறையான பதில் எழுதும் நேரத்தையும் இதுவே தின்றுவிடும். நோட்டீஸுக்குக் கெடு இருக்கிறது. ‘பேசிக்கொண்டிருக்கிறோம்’ என்பது கோப்பில் பதிலாக ஏறாது.

அப்போதுதான் பொறுப்பு என் கைக்கு வந்திருந்தது. தானப் பத்திர நகலும் புலப்படமும் எடுத்துப் பார்த்தோம். புலப்படத்தில் வண்டிப்பாதை புள்ளிக்கோடாகத் தெளிவாக இருந்தது. லேஅவுட் வரைபடத்தில் அதே இடத்தில்தான் பின்பக்கச் சாலை. வாதாட ஒன்றும் இல்லை. ‘சாலை ஊராட்சியுடையது என்பதை ஏற்கிறோம், பாதுகாப்புக்காக கேட் வைத்திருக்கிறோம், யாருடைய போக்குவரத்தையும் தடுக்க மாட்டோம், பூட்டை எடுத்துவிட்டோம்’ என்று ஒரு பக்கப் பதில் எழுதி, நகல்களை இணைத்து, ஒப்புகை வாங்கிக்கொண்டு கொடுத்தோம். கூட்டமாகப் போகவில்லை. இரண்டு பேர் போனோம். கூட்டமாகப் போனால் அதிகாரி முதலில் கணக்குப் போடுவது கூட்டத்தைச் சமாளிப்பது எப்படி என்றுதான்.

வட்டார வளர்ச்சி அலுவலர் வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. “கேட் இருக்கறதுல எனக்கு இப்ப ஒண்ணும் இல்ல சார். பூட்டு இருக்கக் கூடாது. நைட்ல வாட்ச்மேன் பேர் கேக்கட்டும், வண்டி நம்பர் எழுதட்டும். உள்ள விடமாட்டேன்னு சொல்ற உரிமை அவருக்குக் கிடையாது. நாளைக்கு வேற ஆபீசர் வந்து கேட்டே வேணாம்னு சொன்னா, அதுக்கும் நீங்க தயாரா இருக்கணும்.” கடைசி வாக்கியம்தான் முக்கியம். சட்டப்படி நமக்கு இருப்பது கேட் வைக்கும் உரிமை அல்ல. ஊராட்சி ஆட்சேபிக்காமல் இருக்கும் நிலை. அதை நிரந்தரம் என்று நினைத்து யாரும் பத்து லட்சத்துக்கு ஆர்ச் கட்ட வேண்டாம்.

பூட்டை எடுத்தால் திருட்டு பெருகும் என்றார்கள். நாங்கள் காவல் நிலையத்துக்கு எழுதிக் கொடுத்தோம்: இது பொதுச் சாலை, இரவு ரோந்து உள்ளே வர வேண்டும். ரோந்து வரும் போலீஸ் கையெழுத்துப் போடும் பீட் புத்தகம் எங்கள் பூங்கா சுவரில் ஏறியது. தனியார் இடம் என்று மார்தட்டிக்கொண்டிருந்த வரை ரோந்து முன்பக்க கேட்டோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. செக்யூரிட்டி நிறுவனத்தையும் அந்தச் சாக்கில் மாற்றினோம். 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி நிறுவனத்துக்கு உரிமம் வேண்டும். பழைய நிறுவனத்திடம் கேட்டபோது ஜிஎஸ்டி சான்றிதழைக் காட்டினார்கள்.

சாலை ஊராட்சியுடையது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டதில் இன்னொரு கதவும் திறந்தது. அதுவரை தெருவிளக்கு மின்கட்டணத்தைச் சங்கம் கட்டியது. பல்பையும் சங்கமே மாற்றியது. ஊராட்சியிடம் கேட்கும்போதெல்லாம், “உங்க பிரைவேட் ரோட்டுக்கு நாங்க எப்படி சார் செலவு பண்றது?” என்று ஊராட்சி செயலர் கேட்பார். அவர் கேட்டது சரி. பொதுப்பணத்தைத் தனியார் இடத்தில் போட்டால் தணிக்கையில் அவர்தான் மாட்டுவார். இப்போது தானப் பத்திரத்தை அவர் மேஜையில் வைத்து, தெருவிளக்கு இணைப்பை ஊராட்சி பெயருக்கு மாற்றக் கேட்டோம். உடனே நடக்கவில்லை. கிராம சபையில் தீர்மானம் வந்த பிறகுதான் நகர்ந்தது.

கிராம சபை என்ற ஒன்று இருப்பதே எங்கள் ஆட்களில் பலருக்கு அதுவரை தெரியாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வழக்கமாகச் சொல்லும் நான்கு நாட்களோடு, இப்போது மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்திருக்கின்றன. முதல் நான்கும் நமக்கு விடுமுறைத் தூக்க நாட்கள். அல்லது கேட்டுக்குள் கொடியேற்றி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருப்போம். அதே நேரத்தில் கால் கிலோமீட்டர் தள்ளி, நம் தெருவுக்கு விளக்கு வேண்டுமா என்பதை நாம் இல்லாமல் முடிவெடுத்துக்கொண்டிருப்பார்கள். போய் உட்கார்ந்தால் பேசவிடுகிறார்கள். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் எழ வேண்டும். பேச்சு காற்றில் போய்விடும்.

முதல்முறை போனபோது பெஞ்சில் இருந்த ஒரு அம்மா, “இவங்க ஓட்டு எங்க இருக்குன்னு மொதல்ல கேளுங்க” என்றார். சபை சிரித்தது. எங்களில் பாதிக்கு மேல் ஓட்டு இன்னும் மயிலாப்பூரிலும் மதுரையிலும் இருந்தது. கிராம சபை என்பதே அந்த ஊராட்சியின் வாக்காளர்கள் கூடுவதுதான். ஓட்டு இல்லாதவன் அங்கே விருந்தாளி. அதன்பிறகு படிவம் 8 நிரப்பி முகவரி மாற்றும் வேலையைச் சங்கமே எடுத்துச் செய்தது. என் பொறுப்புக் காலத்தில் செய்ததிலேயே பலன் கொடுத்தது இதுதான் என்பேன். வாக்காளர் பட்டியலில் பெயர்கள் ஏறிய பிறகு எங்கள் கடிதங்களுக்குப் பதில் வரும் வேகம் மாறியது. காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் சுவருக்கு வெளியே இருக்கும் அரசோடு நடந்தது. சங்கத்துக்கு உள்ளேயே அரசு வரும் வழி மாவட்டப் பதிவாளர் அலுவலகம். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்தான் எங்களைப் போன்ற குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பாலும் பதிவாகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழு கூட வேண்டும். வரவு செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகிகள் மாறினால் படிவம் 7 கொடுக்க வேண்டும். குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. மறுபடி தேர்ந்தெடுக்கப்படலாம், தேர்தல் இல்லாமலே உட்கார்ந்திருக்க முடியாது.

எங்களுக்கு முன்பிருந்த குழு உட்கார்ந்திருந்தது. கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். வேறு யாரும் முன்வராததால் அவர்களே தொடர்ந்தார்கள். தொடரத் தொடர, கேள்வி கேட்பவர்கள் எல்லாம் எதிரிகளாகத் தெரியத் தொடங்கினார்கள். கணக்கு, வாட்ஸ்அப் குழுவில் ஒரு மங்கலான எக்செல் படமாக வரும். ‘ரிப்பேர் மற்றும் இதர’ என்ற வரி எல்லா வரிகளையும்விடப் பெரிதாக இருக்கும். கேட்டால் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள். பல சங்கங்களின் ஆட்சிமுறையே அட்மின் கையில் இருக்கும் அந்த ஒரு பொத்தான்தான்.

சட்டத்தின் 36-ஆம் பிரிவில் பதிவாளர் விசாரணை நடத்தலாம். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் கேட்டால் நடத்தச் சொல்ல முடியும். இந்த மூன்றில் ஒரு பங்கைத் திரட்டுவதுதான் பெரும்பாடு. ஆதரவுக் கட்டைவிரல் போடுபவர்கள் ஏராளம். கையெழுத்து என்றால் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள். யார் உறுப்பினர் என்பதே இன்னொரு சிக்கல். பதிவாளர் பார்ப்பது கோப்பில் உள்ள உறுப்பினர் பதிவேட்டை. வீட்டை வாங்கிப் பல வருடம் சந்தா கட்டியவர்களின் பெயர்கள் அதில் ஏறாமலே இருந்தன. விற்றுவிட்டுப் போனவர்களின் பெயர்கள் இருந்தன. அதனால் எல்லோருக்கும் சொல்வேன்: சண்டை வருவதற்கு முன்பே, அமைதியான காலத்தில், பதிவாளர் அலுவலகத்துக் கோப்பின் சான்றிட்ட நகலை வாங்கிப் பாருங்கள். உங்கள் பெயர் அதில் இல்லையென்றால் அதைச் சரிசெய்வதுதான் முதல் மனு.

எங்கள் மனுவின் மேல் பதிவாளர் விசாரணைக்கு அழைத்தார். இரு தரப்பும் போனோம். வக்கீல் வைத்துக்கொள்ளலாமா என்று நிறையப் பேசினோம். கடைசியில் ஒரு ஆடிட்டரை அழைத்துப் போனது உதவியது. பதிவாளர் திட்டவட்டமாகச் சொன்னார்: நிலுவையில் உள்ள ஆண்டுக் கணக்குகளை அபராதத்தோடு தாக்கல் செய்யுங்கள், பொதுக்குழுவைக் கூட்டித் தேர்தல் நடத்துங்கள். நடந்தது. புதிய குழு வந்தது. ஆனால் ‘இதர’ வரியில் போன பணம் என்ன ஆனது என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைக்கவில்லை. யார் உண்மையான நிர்வாகி, எந்தத் தேர்தல் செல்லும், யார் பணம் தர வேண்டும் என்ற வழக்குகளைத் தீர்க்கும் இடம் சிவில் நீதிமன்றம். பதிவாளர் பதிவேட்டைக் காப்பவர். அவரிடம் நீதிபதியை எதிர்பார்த்துப் போனவர்கள் ஏமாற்றத்தோடு திரும்பினார்கள். பதிவேட்டைச் சரிசெய்யப் போனவர்களுக்கு வேலை நடந்தது.

கோபம் தலைக்கேறினால் யாராவது ஒருவர் “ஸ்பெஷல் ஆபீசரைப் போடச் சொல்வோம்” என்பார். சட்டத்தில் அதற்கும் இடம் உண்டு. குழுவைக் கலைத்துவிட்டு அரசு தனி அலுவலரை நியமிக்கலாம். நான் அதற்கு எதிராகவே பேசினேன். ஏற்கெனவே மலையளவு வேலை இருக்கும் ஒரு அலுவலரிடம் நம் மோட்டார் பழுதும் துப்புரவுப் பணியாளர் சம்பளமும் போய்ச் சேரும். காசோலையில் கையெழுத்துக்குக் காத்திருக்கும் நாளில் தொட்டியில் தண்ணீர் இருக்காது. தேர்தல் நடத்தவே முடியாத அளவுக்கு இரு கும்பல்கள் முட்டிக்கொண்டிருந்தால் மட்டும் அது மருந்து.

சங்கம் போடும் விதிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘பேச்சிலர்களுக்கு வாடகைக்கு விடக் கூடாது’, ‘வீட்டு வேலைக்கு வருபவர்கள் பூங்கா பெஞ்சில் உட்காரக் கூடாது’ என்று குழு அறிவிப்பு ஒட்டுவது எங்கும் நடக்கிறது. எங்களிடமும் ஒட்டினார்கள். சங்கத்தின் துணைவிதியில் இல்லாத ஒன்றைக் குழு அறிவித்தால் அது அறிவுரை மட்டும்தான். துணைவிதியைத் திருத்த சிறப்புத் தீர்மானம் வேண்டும். திருத்தம் பதிவாளரிடம் பதிவானால்தான் செல்லும். பெஞ்சு விஷயம் அதைவிட மோசம். பூங்கா ஓஎஸ்ஆர் நிலம், ஊராட்சியின் சொத்து. அங்கே யார் உட்காரலாம் என்று தீர்மானிக்கச் சங்கம் யார்? இதைக் கேட்டதற்காக ஒரு குடும்பம் எங்கள் வீட்டோடு பேச்சை நிறுத்தியது. இன்னும் பேசுவதில்லை. அந்த அறிவிப்பு மட்டும் போய்விட்டது.

நாய் விஷயமும் இதே கணக்குதான். தெருநாய்களுக்குச் சோறு வைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், நாய்களுக்கு உணவு வைக்க இடம் ஒதுக்கும் பொறுப்பையே குடியிருப்போர் சங்கத்தின் மேல் வைக்கின்றன. குழந்தைகள் விளையாடும் இடம், படிக்கட்டு, வாசல் ஆகியவற்றைத் தவிர்த்து ஓர் இடம். நாங்கள் சுற்றுச்சுவரின் ஒரு மூலையைக் குறித்தோம். இரு தரப்புக்கும் திருப்தி இல்லை. சண்டை மட்டும் நின்றது.

குப்பை விஷயத்தில் உண்மையிலேயே திணறினோம். 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கேட்டட் குடியிருப்புகளைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டன: தரம் பிரிக்க வேண்டும், மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும். சாலை என்று வந்தால் பொது, குப்பை என்று வந்தால் கேட்டட் என்று அரசு தன் வசதிக்குப் பார்க்கிறதே என்று எரிச்சல் வந்தது உண்மை. ஆனால் தொட்டி வைக்க இடமும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கப் பணமும் எங்களிடம் இருந்தது. பக்கத்து காலனியில் இரண்டும் இல்லை. உரத் தொட்டி கட்டினோம். நாற்றம் பற்றிய புகார்கள் வருகின்றன, போகின்றன.

புரமோட்டர் பக்கத்து நிலத்தில் போட்ட இரண்டாம் கட்டம் ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவானது. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, பெரும்பான்மை மனைகள் முன்பதிவான மூன்று மாதத்துக்குள் சங்கம் அமைய புரமோட்டர் வழிசெய்ய வேண்டும். ஐந்து வருடத்துக்குள் தெரியும் கட்டுமானக் குறைகளை அவர் செலவில் சரிசெய்ய வேண்டும். முதல் கட்டத்தில் எங்களுக்கு இந்தப் பிடி இல்லை. அது சட்டத்துக்கு முந்தையது. இரண்டாம் கட்டத்தில் வாங்கியவர்களுக்கு ஒன்றே ஒன்று சொன்னேன்: ரெரா இணையப் பக்கத்தில் புரமோட்டர் ஏற்றியிருக்கும் வரைபடத்தையும் வசதிகளின் பட்டியலையும் இன்றே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் சொன்ன நீச்சல்குளம் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் அதைப் பற்றிப் புகார் எழுத உட்கார வேண்டாம்.

அரசு அலுவலகத்தில் காகிதம் கிடைக்காதபோது தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, 30 நாள் காத்திருக்க வேண்டும். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள். அதற்கு பதில் வராது. ‘இந்தச் சாலை ஊராட்சியின் சாலைப் பதிவேட்டில் உள்ளதா, அந்தப் பக்கத்தின் நகல் தருக’ என்று கேளுங்கள். தானப் பத்திரம் பதிவான பிறகும் எங்கள் சாலைகள் அந்தப் பதிவேட்டில் ஏறாமலே இருந்தது இப்படித்தான் தெரிந்தது. புரமோட்டர் கொடுத்துவிட்டார், ஊராட்சி எடுத்துக்கொள்ளவில்லை. இடையில் சாலை யாருக்கும் சொந்தமில்லாமல் குழி விழுந்துகொண்டிருந்தது.

இப்போது சங்கத்தில் ஓடும் விவாதம் தண்ணீர்த் தொட்டி பற்றியது. தொட்டியையும் போர்வெல்லையும் ஒப்படைத்தால் ஊராட்சியே தண்ணீர் விடும், மின்கட்டணமும் மிச்சம் என்று ஒரு தரப்பு சொல்கிறது. சாலையில் ஊராட்சி பக்கம் நின்ற நான், இதில் எதிர்த்தரப்பில் நிற்கிறேன். சாலை ஏற்கெனவே அவர்களுடையது. அதை ஒப்புக்கொண்டதில் எங்களுக்கு இழப்பில்லை. தொட்டி நிற்கும் துண்டு நிலம் தானப் பத்திரத்தில் இல்லை. அது புரமோட்டரிடமிருந்து சங்கத்துக்குக் கிரயமானது. எழுதிக் கொடுத்துவிட்டால் திரும்ப வராது. ஊராட்சியின் தொட்டி இயக்குபவர் ஏற்கெனவே பல தொட்டிகளுக்கு ஓடிக்கொண்டிருக்கிறார். தெருவுக்குத் தனிக் குழாய் இணைப்பு கேட்டு, அது வந்து ஒரு கோடையைத் தாண்டட்டும், தொட்டியை அப்புறம் பேசலாம் என்பது என் கட்சி. அடுத்த பொதுக்குழுவில் வாக்கெடுப்பு. துணைவிதிப்படி சொத்தை மாற்ற சிறப்புத் தீர்மானம் வேண்டும் என்று செயலாளருக்கு எழுதிக் கொடுத்து, ஒப்புகையும் வாங்கி வைத்திருக்கிறேன்.